மேலே காரை உதிர்கிறதா, சுவரில் ஷாக் அடிக்கிறதா? வாடகைக்கு இருப்பவர் எந்த வழியைப் பிடிப்பது

வாடகை வீட்டில் ஆபத்து என்று வாயெடுத்தால் ஆளுக்கொரு யோசனை வரும். வாடகையை நிறுத்து என்பார் ஒருவர், நகராட்சியில் மனு கொடு என்பார் இன்னொருவர், பேசாமல் காலி பண்ணு என்பார் அடுத்தவர். எல்லா வழியும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஆபத்து வீட்டில் எங்கே இருக்கிறது, உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பழைய தெருக்களில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நிறைய. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம் அது. கட்டையின் முனை சுவருக்குள் போகிற இடத்தில்தான் ஈரம் ஏறி உளுத்துப்போகும், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டை நன்றாகத்தான் தெரியும். காங்கிரீட் தளம் என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து அடிக்காரையைத் தள்ளிவிடும், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம். சுவர் வெடிப்பு வேறு விஷயம். நம் களிமண் பூமி கோடையில் சுருங்கி மழையில் உப்புவதால் மயிரிழை வெடிப்பு வருவதும் மூடுவதும் உண்டு, அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. சாய்வாக ஓடி, மாதத்துக்கு மாதம் அகலமாகிற வெடிப்பைத்தான் பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

2017 அக்டோபர் 20 விடிகாலையில் பொறையாறு அரசுப் பேருந்துப் பணிமனையின் ஓய்வறைக் கூரை இடிந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 8 ஊழியர்கள் இறந்தார்கள். தூங்குகிறவர் மேல் கூரை விழுந்தால் ஓட நேரமே கிடையாது. அதனால் ஆபத்து தலைக்கு மேலே என்றால் முதலில் அந்த அறையில் படுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள், மனு, நோட்டீஸ் எல்லாம் அப்புறம்.

இனி வழிகளுக்கு வரலாம். வாடகையை நிறுத்துவதும், பழுதை நாமே பார்த்து வாடகையில் கழிப்பதும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி (சட்டம் 2017-ல் இயற்றியது) இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணம். ஒழுகுகிறது என்று நீங்கள் நியாயமாகவே நிறுத்தியிருந்தாலும், வழக்கில் நீங்கள்தான் பாக்கிக்காரர் ஆவீர்கள். கழிப்பது அப்படியில்லை. வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய பழுதை அவர் செய்ய மறுத்தால் நீங்கள் செய்துவிட்டு வாடகையில் பிடிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது.

எது யார் தலையில் என்பதற்கும் அதே சட்டத்தில் பட்டியல் இருக்கிறது: கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, குழாய் லைன் மாற்றுவது, உள்ளும் வெளியும் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கழிவறைச் சில்லறைப் பழுது எல்லாம் குடியிருப்பவர். ஆகவே மழைநாளில் சுவரைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் அது வயரிங், அவர் பொறுப்பு. மெயினை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லி, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் பிரேக்கர் ஒன்றையும் போட்டுவிடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். வயரிங்குக்கும் குழாய்க்கும் இந்தக் கழிக்கிற வழியைத்தான் நான் முதலில் சொல்வேன், பணம் சிறிது, வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். கூரைக்கு இது உதவாது. கட்டை மாற்றித் தளம் போட ஆகும் செலவை மாதம் பாதி வாடகையாகக் கழித்தால் எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூரைக்கு இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று வாடகை அதிகாரி, துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். அக்ரிமென்ட் எழுத்தில் இருந்து, அவரிடம் பதிவும் ஆகியிருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை அதிகம். வெறும் 11 மாத அக்ரிமென்ட்டைக் கையெழுத்து போட்டு பீரோவில் வைத்திருப்பவர்கள்தான் நம் ஊரில் ஏராளம், அங்கே இழுபறி ஆகும். புகார் கொடுத்த கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தினால் அதைத் தடுக்கவும் இதே அதிகாரியிடம் போகலாம்.

இன்னொரு கதவு நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர், கட்டடம் ஆபத்தாக இருக்கிறது என்று அவரிடம் மனு கொடுக்கலாம். அதோடு, விழப்போகிற கட்டடத்தால் அக்கம்பக்கத்தாருக்கோ தெருவில் போகிறவருக்கோ ஆபத்து என்றால், பழுது பார் அல்லது இடி என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவு இது. இந்த வழிக்கு அக்ரிமென்ட் தேவையில்லை, மழைக்காலத்துக்கு முன் மனு கொடுத்தால் கவனிக்கவும் செய்வார்கள். ஆனால் இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தால் முதலில் வெளியே போகிறவர் நீங்கள்தான். வேறு வீடு பார்த்து வைக்காமல் இந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

காலி செய்வதைத் தோல்வியாக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. குடியிருக்கவே முடியாத நிலை, எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை என்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறும் உரிமையைச் சட்டமே தருகிறது. போகும் முன் ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுங்கள், கடிதத்தைத் தபாலில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். அட்வான்ஸைத் திரும்ப வாங்க அந்த இரண்டும்தான் ஆதாரம். வாட்ஸ்ஆப்பில் "சார் கொஞ்சம் பாருங்க சார்" என்று அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள்.

சிக்கல் ஒத்திக்கு இருப்பவர்களுக்குத்தான். சில லட்சம் மொத்தமாகக் கொடுத்திருப்பார்கள், மாத வாடகையே கிடையாது, அதனால் கழிக்கிற வழி அடைபட்டுவிடுகிறது. ஒத்திப் பத்திரம் பதிவாகாமல் இருந்தால் இன்னும் மோசம். பணம் கைக்கு வரும்வரை கிளம்ப மாட்டேன் என்று ஒழுகுகிற தளத்தின் கீழேயே கார்த்திகையைக் கழிக்கிறார்கள். இவர்கள் நேராக மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு, 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். ஒத்திப் பத்திரம் குடும்பத்துப் பெண் பெயரிலேயே இருந்தால் மனுவையும் அவரே கொடுக்கட்டும். சாமானை எடுக்காமல், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்கள் மட்டும் வேறு இடத்தில் படுக்கலாம். அந்த ஏற்பாட்டை அங்கே வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோயில் கட்டடத்தில் குடியிருந்தால் வாடகை அதிகாரியிடம் போகும் முன் ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். கோயிலே வாடகை வாங்கினால் அந்தக் கோயிலின் செயல் அலுவலரிடம்தான் முதல் மனு போக வேண்டும்.