'நூறு வோட்ஸ்' கிற்றார் பெட்டி: திருகோணமலையில் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனம்

ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்கும் நகரக் கடை ஒன்றில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடைப் பெயரைக் கேட்க வேண்டாம். எதைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

நான் கேட்டது பெடலிலிருந்து (கிற்றாரின் சத்தத்தை மாற்றும் கருவி) நேரே செருகி வாசிக்க, உள்ளேயே அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) பூட்டிய சின்னப் பெட்டி. 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் ஒன்று, மின்தடை 8 ஓம், 100 வோட்ஸ் அம்ப், 18 மில்லிமீற்றர் பிளைவூட். உப்புவெளி ஹோட்டல்களுக்கு ஓட்டோவில் கொண்டுபோகிற அளவு. பேசிய விலை 68,000 ரூபாய். அதில் 40,000 முற்பணம். பில்லில் கடைக்காரர் எழுதியது 'ஸ்பீக்கர் பொக்ஸ் 1', அவ்வளவுதான்.

வந்த பெட்டி பார்வைக்கு நல்ல வடிவு. கறுப்பு ரெக்சின், மூலைக்கு இரும்பு. ஆனால் முதல் நிகழ்ச்சியில் ட்ரம்ஸ் தொடங்கியதும் கிற்றார் காணாமல் போய்விட்டது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு. வீட்டுக்கு வந்து பின் பலகையைக் கழற்றினேன்.

உள்ளே டிபிஏ3116 என்ற ஐசி (அம்ப் வேலையைச் செய்யும் சில்லு) போட்ட மலிவு போர்ட். அதற்கு மின்சாரம் கொடுப்பது சிசிடிவி கமராவுக்குப் போடுகிற 12 வோல்ட் அடப்டர். இந்த வகை அம்பில் வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி, ஓமின் இருமடங்கால் வகுத்தால் சுத்தமாக வரக்கூடிய உச்ச வோட்ஸ் தெரியும். 12 தர 12, 144. அதை 16 ஆல் வகுத்தால் 9. நூறு வோட்ஸ் என்று காசு வாங்கிவிட்டு ஒன்பது! அந்த ஐசி நூறு கொடுக்கும்தான், ஆனால் 21 வோல்ட்டில், இரண்டு சானலையும் ஒன்றாக இணைத்து, 2 ஓம் ஸ்பீக்கருக்கு. நான் கேட்டது 8 ஓம்.

போய்க் கேட்டபோது, "தம்பி, போர்ட்டில நூறு எண்டு அடிச்சிருக்குத்தானே, பாருங்கோ" என்றார். வேண்டுமென்றால் 24 வோல்ட் அடப்டர் மாற்றித் தருவாராம், அதற்குத் தனிக் காசு. அப்போதும் கணக்குப்படி 36 தான் உச்சம். போதாததற்கு அந்த போர்ட்டில் இருந்த கப்பாசிற்றர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) தாங்குவது 25 வோல்ட் வரைதான். 24 ஐக் கொடுத்துவிட்டு எவ்வளவு காலம் நிம்மதியாக வாசிக்கலாம்? வேண்டாம் அண்ணன் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்பீக்கர்தான் பெரிய ஏமாற்று. காந்தத்தின் மேல் பேர்போன இங்கிலாந்துக் கம்பனியின் ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் வேறொரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்: கிற்றார் ஸ்பீக்கரின் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) லேசான காகிதம், அதன் விளிம்பும் பெரும்பாலும் மடிப்பு மடிப்பாக அதே காகிதம்தான். இதில் இருந்தது தடித்த ரப்பர் விளிம்பு, கார்களில் கனத்த ஒலிக்குப் போடும் வூஃபர்களில் வருவது. நல்ல கிற்றார் ஸ்பீக்கர் 1 வோட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை தரும். 90 டெசிபல் தருகிற வூஃபரில் அந்த 100 டெசிபல் சத்தத்தை எடுக்கப் பத்து மடங்கு வோட்ஸ் வேண்டும். அம்பும் குறைவு, ஸ்பீக்கரும் மந்தம். பிறகெப்படி ட்ரம்ஸை மீறிக் கேட்கும்?

இதில் 'இலவசமாக' ஒரு ட்வீட்டர் (கீச்சென்ற மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) வேறு. கிற்றார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும், டிஸ்டோர்ஷன் (ரொக் பாட்டுகளில் வரும் கரகரத்த கிற்றார் ஒலி) இதமாகக் கேட்பது அதனால்தான். பெடலில் கபினெற் சிமுலேஷன் (கிற்றார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) இல்லாமல் ட்வீட்டர் வழியாக டிஸ்டோர்ஷன் கேட்டால் தகர டப்பாவுக்குள் குளவி அடைத்த மாதிரி இருக்கும்.

பலகையும் பிளைவூட் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப். வெட்டிய ஓரங்களுக்கு ஒரு பூச்சும் இல்லை. நம் ஊர்க் கடற்காற்றுக்கு அடி ஓரம் இப்போதே ஊதத் தொடங்கிவிட்டது.

காசு திருப்பித் தர முடியாது என்றுவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், முறைப்பாட்டை எழுத்தில் கொடுப்பது நல்லது. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 'ஸ்பீக்கர் பொக்ஸ் 1' என்ற பில்லை வைத்து எதை நிரூபிப்பது? நீங்கள் செய்யக் கொடுத்தால் ஐசியின் பெயர், அடப்டரின் வோல்டேஜ், ஸ்பீக்கரின் மொடல், ஓம், பலகை எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முற்பணம் கொடுக்காதீர்கள். மிச்சக் காசு கொடுக்கும் முன் பின் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், நாலைந்து ஸ்க்ரூதான்.

இதே பெட்டி இன்னும் இரண்டு அந்தக் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. மின்சார வயர் பின்னால் ஒரு வெறும் ஓட்டையால் வெளியே வரும், இழுபடாமல் இருக்க உள்ளே முடிச்சுப் போட்டிருக்கும். கண்டால் வாங்காதீர்கள்.