செட்டிகுளம் பக்கம் நல்ல கியோசா

நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் சாயங்காலம் மட்டும் திறக்கிற சின்னக் கடை அது. போர்டில் ‘ஜப்பான் மோமோ’ என்று போட்டிருக்கிறார்கள். பெயர்தான் தப்பு, பண்டம் அசல். ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் ஆசையாகத் தின்ற அதே கியோசா, அதாவது மெல்லிய மாவுக்குள் கறியும் கோஸும் வைத்து மடித்த பலகாரம்.

மோமோ என்பது திபெத், நேபாளப் பக்கத்துப் பலகாரம். ஜப்பானில் போய் மோமோ கேட்டால் பீச் பழத்தை எடுத்துத் தருவார்கள். கியோசா சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. சீனர்கள் ஜியாவ்ஸ என்று சொல்வதை ஜப்பானியர்களும் அதே இரண்டு சீன எழுத்தில்தான் எழுதுகிறார்கள். சீனாவின் ஷான்டோங் வட்டாரத்து உச்சரிப்புதான் கியோசா ஆனது என்பது பலரும் ஒப்புக்கொள்கிற விளக்கம். 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்து, வடகிழக்குச் சீனாவில் உள்ள மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்களால்தான் அது ஜப்பான் முழுக்கப் பரவியது. சீனாவில் பெரும்பாலும் தண்ணீரில் வேகவைப்பார்கள். ஜப்பானில் சட்டியில் வாட்டுவதுதான் வழக்கம்.

அந்த வாட்டலில்தான் இந்தக் கடைத் தம்பி கெட்டிக்காரர். சோமாசி மாதிரி ஓரம் மடித்த கியோசாக்களை எண்ணெய் தடவிய சட்டியில் வட்டமாக அடுக்குகிறார். அடிப்பக்கம் சிவந்ததும் மாவு கரைத்த தண்ணீரை ஊற்றி உடனே மூடிவிடுகிறார். மேல்பக்கம் ஆவியில் வேகிறது. தண்ணீர் வற்றி, கொதிக்கிற சத்தம் பொரிகிற சத்தமாக மாறியதும் மூடியை எடுத்து, தட்டைக் கவிழ்த்துத் திருப்புகிறார். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தபடி மெல்லிய மொறுமொறு ஏடு வருகிறது. ஜப்பானியர்கள் அதைச் சிறகு என்பார்கள். அது உடையாமல் வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

உள்ளே கோழிக்கறி, முட்டைக்கோஸ், பூண்டு. கோஸை உப்புப் போட்டுப் பிழிந்துதான் சேர்க்கிறார், அதனால் மாவு சவசவ என்று ஆவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறியும் உண்டு. கொழுப்பு உருகிக் கோஸில் இறங்கியிருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் உண்மையான ருசி. கோழி 6 துண்டு 120 ரூபாய், பன்றி 150.

தொட்டுக்கொள்ள மயோனைஸ் வைக்கிறார்கள், அது கொஞ்சமும் சேரவில்லை. சோயா சாஸும் வினிகரும் கேளுங்கள். மிளகாய் எண்ணெய் சொட்டுவிட்டுக் கலந்து தருவார். அப்புறம், இவ்வளவு சரியாகச் செய்கிறவர் போர்டிலும் கியோசா என்றே எழுத வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

பார்சல் மட்டும் வாங்காதீர்கள். டப்பாவில் மூடினால் வடசேரி தாண்டுவதற்குள் அந்த மொறுமொறுப்பு போய்விடும்.