கோளாறைக் கண்டுபிடிப்பது யார்? சர்வீஸ் சென்டரா, தெருமுனை ஷெட்டா, அதே கார் வைத்திருப்பவரா?

கார் மக்கர் செய்தால் வடசென்னையில் நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு விடலாம். தெருமுனை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகலாம். அதே மாடல் காரைப் பல வருடங்களாக ஓட்டும் இன்னொருவரைக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் கூலியை வைத்து ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு பாதிக் கணக்குதான். பழுதுபார்ப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: எது கெட்டது என்று கண்டுபிடிப்பது ஒன்று, அதைச் சரிசெய்வது இன்னொன்று. முதல் வேலை தவறிவிட்டால், இரண்டாவது எவ்வளவு மலிவாக முடிந்தாலும் பணம் வீண்தான். கெடாத பாகத்தைப் புதிதாக மாற்றிக்கொண்டு, பழைய கோளாறோடு வீடு திரும்பியவர்கள் பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் ஏராளம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிக்கும் வேலையைச் சக உரிமையாளரிடமிருந்து தொடங்குங்கள். கைவேலையை ஷெட்டுக்குக் கொடுங்கள். சில வேலைகளை மட்டும் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு எவரிடமும் கொடுக்காதீர்கள்.

சக உரிமையாளரை முதலில் வைப்பதற்குக் காரணம் எளிமையானது: அவரிடம் விற்பதற்குப் பாகம் எதுவும் இல்லை. நம் காரில் எது கெட்டிருந்தாலும் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் உரிய வியாதிகள் சில உண்டு. அவற்றை அவர் தன் காரிலேயே பார்த்திருப்பார். இந்தப் பகுதிக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலை இயங்குகிறது. எண்ணூரில் லாரித் தொழிற்சாலை. இவற்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் பிடித்துப் பழகியவர், நம்மைப் போலவே ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர் பக்கத்துத் தெருவில் கிடைப்பது மற்ற பகுதிகளில் அவ்வளவு எளிதில்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகாத காரை எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், விளக்குகள் மங்குகின்றன. ஷெட்டில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சார், பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்பதுதான். சர்வீஸ் சென்டரில் சோதனைக் கருவியை மாட்டிப் பார்ப்பார்கள். ஆனால் ஸ்டார்ட் ஆகாத வண்டியை அங்கே கொண்டுபோவதே பெரும்பாடு. என் காருக்கு இப்படி வந்தபோது, பெட்டித் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொன்னது இது: "மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் தம்பி."

இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது என்று பொருள். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ ஒழுங்காக வேலை செய்கிறது. என் காரில் பேட்டரியின் அளவு சரியாகவே இருந்தது. அடுத்து அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். அந்த இடத்தில் 0.2 வோல்ட் அளவுக்குள் காட்டினால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயர் வழியில் எங்கோ தடை இருக்கிறது. மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றியதும், வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். அதே பேட்டரி இன்னமும் ஓடுகிறது. உப்புக்காற்று படும்படி, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் காரை நிறுத்தும் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்வாசிகள் பேட்டரிக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். மீட்டரின் விலை சில நூறு ரூபாய்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டைனமோவைச் சோதிக்கிறேன் என்று என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் சில ஷெட்டுகளில் இன்றும் இருக்கிறது. பழைய கார்களில் அது செல்லுபடியானது. இன்றைய கார்களில் அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் கம்ப்யூட்டர் பாகங்களையே பதம் பார்த்துவிடும். எவர் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது, வண்டி மிஸ்ஸிங் அடித்து (என்ஜின் விட்டுவிட்டு ஓடிக் குலுங்கி), டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிவது. மூன்று வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு பளிச்சென்று தெரிவது இந்தக் கோளாறில்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. தெருவில் ஒருவர் வாங்கி வைத்திருந்தால் நாலு பேருக்குப் பயன்படும். அது பி0301 என்ற கோளாறு எண்ணைக் காட்டினால், முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். எது கெட்டது என்று அந்த எண் சொல்லாது. எந்தச் சிலிண்டர் என்று மட்டுமே சொல்கிறது. இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் ஷெட்டில் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றச் சொல்வார்கள். சர்வீஸ் சென்டரிலும் எஸ்டிமேட்டில் அந்த மொத்தப் பட்டியல் ஏறிவிடுவது உண்டு.

சக உரிமையாளர் சொல்லித்தரும் வழி ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள காராக இருந்தால், என்ஜின் ஆறியபின் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள். மூன்றாவதில் இருந்ததை முதலாவதில் மாட்டுங்கள். பல கார்களில் ஒரு கனெக்டர், ஒரு போல்ட், அவ்வளவுதான். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். இப்போது பி0303 என்று வந்தால், கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது: கெட்டது அந்த ஒரு காயில் மட்டும்தான். எண் மாறாமல் பி0301 என்றே நின்றால் காயில் நல்லது. இனி பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ; அப்போது ஷெட்டுக்குப் போகலாம். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு.

சூடேறும் காரில் பாதி விடையை ஓட்டுபவரே கண்டுபிடித்துவிடலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது முள் ஏறுகிறது, செங்குன்றம் தாண்டி வேகமெடுத்ததும் இறங்குகிறது என்றால், முதலில் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகியுங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று இருக்கிறது. நிற்கும் வண்டிக்கு ஃபேனை விட்டால் கதியில்லை. ஏசியைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். அதே மாடல் வைத்திருப்பவர் அருகில் இருந்தால், அவர் காரின் ரிலேவை ஒரு நிமிடம் கழற்றி மாட்டிப் பார்ப்பதைவிட விரைவான சோதனை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடையாது. வண்டி ஓடும்போது ஏசி குளிர்ந்து, வண்டி நின்றால் வெக்கையடிப்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். அல்லது கண்டென்சரில் படிந்த மணலித் தூசி.

வெளியே ஒழுகாமலேயே கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வந்தால் விஷயம் பெரிது. என்ஜினின் மேல்பாகத்தை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதை லேத் பட்டறையோடு தொடர்புள்ள நல்ல ஷெட்டுக்கு உடனே கொண்டுபோங்கள். இடைப்பட்ட நாட்களில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள். நம் கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் அது உப்புக்கரிக்கும். உள்ளே துருவும் பாறைபோன்ற படிவும்தான் மிஞ்சும். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

பள்ளத்தில் 'கடகட' என்று வரும் சத்தத்துக்கு ஷெட்டை வெல்ல ஆளில்லை. செல்போனில் பதிவு செய்து சக உரிமையாளருக்கு அனுப்பினால் அவர் ஊகிக்கத்தான் முடியும். சர்வீஸ் சென்டரிலோ, நாம் சொன்ன சத்தத்தை அட்வைசர் ஜாப் கார்டில் ஒரு வரியாக எழுதுவார். உள்ளே வேலை செய்பவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கவே மாட்டார். ஷெட் மெக்கானிக் நம் பக்கத்தில் உட்கார்ந்து எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஒரு நடை வருகிறார். திரும்பியதும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கடப்பாரையால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷை நெம்பிப் பார்க்கிறார், லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பார்க்கிறார். எது ஆடுகிறது என்று நம் கண்ணுக்கே தெரிகிறது. பாகத்தை நாமே உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. சாலையில் வாங்கிவந்து கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் மாட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள்.

டீசல் கார்களில் புகைத்துகள் வடிகட்டி விளக்கு எரிந்தால் கதை மாறுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் அந்த வடிகட்டி டீசல் கார்களில் சாதாரணமாகிவிட்டது. மூலக்கடைக்கும் மிண்ட்டுக்கும் இடையே மட்டுமே ஓடும் காரில் சேரும் கரி, எரிந்து தீருமளவுக்குச் சூடு கிடைப்பதில்லை. விளக்கு புதிதாக எரியும்போதே கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிவந்தால் பல நேரம் அணைந்துவிடும். இதைச் சொல்லித்தருபவர் அனுபவப்பட்ட உரிமையாளர்தான். அப்படியும் அணையாவிட்டால் கம்பெனியின் கருவி தேவை. சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள்.

ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவி, வாரன்ட்டி, ரீகால் ஆகியவற்றுக்கும் சர்வீஸ் சென்டர்தான். ஏர்பேக் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று எந்த நண்பர் சொன்னாலும் கேட்காதீர்கள். உயிரோடு விளையாடும் வேலை அது.

மழைக்கால வெள்ளத்திலும் சர்வீஸ் சென்டர்தான் என் முதல் தேர்வு, காரணம் வேறு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததையும் பார்த்தவர்கள் நாம். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாமல் நின்று கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட என்ஜினுக்கு, என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாதவர்களுக்குப் பணம் கிடைப்பது மிகக் கடினம். ஆகவே சாவியைத் தொடாமல், தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, கட்டியிழுத்துக் கொண்டுபோங்கள். சர்வே, எஸ்டிமேட் வேலைகள் அங்கே ஒழுங்காக நடக்கும்.

சக உரிமையாளரின் குறையையும் சொல்லியாக வேண்டும். "எனக்கும் இப்படித்தான் இருந்தது, சென்சார் மாற்றினேன், சரியாகிவிட்டது" என்பார். அறிகுறி ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே அவரிடம் எதை மாற்றினார் என்று கேட்பதைவிட, மாற்றுவதற்கு முன் எப்படிச் சோதித்தார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த யோசனையை ஓரமாக வைத்துவிடலாம். நாமும் கேட்கும்போது வெறுமனே 'பிக்கப் இல்லை' என்று சொன்னால் போதாது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபோதா, எந்த கியரில், ஏசி போட்டா போடாமலா, ஸ்கேனரில் என்ன எண், இதற்கு முன் கடைசியாக என்ன வேலை நடந்தது என்று சொல்ல வேண்டும்.

ஷெட்டுகள் ஊகத்தில் பாகம் மாற்றுவதற்கு நம் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மணி நேரம் குனிந்து தேடி, கடைசியில் கழன்ற ஒரு ஒயரைச் செருகித் தரும் மெக்கானிக்குக் கையில் ஐம்பது ரூபாயைத் திணிக்கிறோம். பாகம் மாற்றியவருக்கு மட்டும் பில் தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். பிறகு அவர் எதைச் செய்ய விரும்புவார்? காரை விடும்போதே, "அண்ணா, கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறேன், எதையும் மாற்றுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நான் அப்படிச் சொல்லத் தொடங்கியபின், எங்கள் தெருமுனை ஷெட்டில் என் காருக்கு மீட்டரை எடுத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறார்கள்.