ஒட்டினார்களா, வெளியிட்டார்களா, அறிவித்தார்களா?

அலுவலகக் குறிப்பிலும் நாளிதழ்ச் செய்தியிலும் "அறிவிக்கப்பட்டது" என்ற ஒரே சொல் எல்லா வேலைகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பலகையில் தாளை ஒட்டியதும் அறிவிப்பு, அரசிதழில் அச்சேறியதும் அறிவிப்பு, இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஏற்றியதும் அறிவிப்பு. இந்த வினைகளை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொன்றும் சொல்பவர் மீது வேறு அளவு பொறுப்பைச் சுமத்துகிறது.

'அறிவி' என்பது 'அறி'யின் பிறவினை. அறியச் செய் என்று பொருள். யாருக்கு என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அது நிறைவடையாது. தண்டோராக்காரர் "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்" என்று தொடங்கியபோது அந்த 'க்கு' என்ற நான்காம் வேற்றுமைக்கு உரிமை இருந்தது. அவர் தெருத்தெருவாக நடந்து காதுகளைத் தேடிப் போனார். யாரையும் தேடிப் போகாதவர்கள் "அறிவித்துவிட்டோம்" என்று எழுதும்போது, செய்யாத வேலைக்குக் கணக்குக் காட்டுகிறார்கள் என்றே சொல்வேன்.

'ஒட்டு' கேட்பது வேறு கேள்வி: எங்கே? கதவிலா, சுவரிலா, பலகையிலா? இடத்தைச் சொன்னால் யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். அதனால்தான் நேர்மையான வினை என்று இதை மதிக்கிறேன். உரிமையியல் வழக்கில் சம்மனை வாங்க மறுப்பவரின் வீட்டு வாசற்கதவில் நகலை ஒட்டுவதற்கு விதி இருக்கிறது. ஆனால் ஒட்டுவது எப்போதும் சாதுவான செயல் அல்ல. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணமக்கள் கொடுக்கும் அறிவிப்பின் நகலைப் பதிவு அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டியதையே வெளியிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம். மதமோ சாதியோ மாறி மணக்கும் இருவருக்கு அந்த ஒற்றைத் தாள் ஆபத்தாக முடியக்கூடும். வேண்டாதவர் கண்ணில் முதலில் படும்; வேண்டியவர் பார்க்காமலே போகலாம்.

'வெளியிடு' யாருக்கு, எங்கே என்ற இவ்விரண்டையும் கேட்பதில்லை. உள்ளே இருந்ததை வெளியே வைத்தாயிற்று, அவ்வளவுதான். தேடி எடுத்துப் படிப்பது மக்கள் பாடு. சட்டம் நடைமுறைக்கு வர இது போதும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து விதி அமலாவது வழக்கம்தான். நிலத்தை இழக்கப் போகிறவருக்கு இது போதுமா? போதாது என்பதை 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமே உணர்ந்திருக்கிறது. முதல்நிலை அறிவிக்கையை அரசிதழில் வெளியிட்டால் மட்டும் போதாது. இரண்டு நாளிதழ்களில், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் வரவேண்டும். உள்ளாட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளூர் மொழியில் இருக்கவேண்டும். பாதிக்கப்படும் பகுதியிலும் தெரியப்படுத்தவேண்டும். ஆட்சேபத்துக்கு 60 நாட்கள். எல்லா வழிகளிலும் சென்ற பிறகுதான் 'அறிவி'யின் அருகில் வர முடிகிறது.

'பிரகடனம் செய்' தனி இனம். 1975இல் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார்கள் என்றால், அந்தச் சொல்லே நிலையை உண்டாக்கியது. வார்டு குடிநீர் நிறுத்தத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

'பறைசாற்று' இன்று செய்தி சொல்வதையே விட்டுவிட்டது. "சோழர் பெருமையைப் பறைசாற்றும் கோயில்" என்று புகழுரையில்தான் உயிர் வாழ்கிறது. ஒரு காலத்தில் இதுவே முதன்மை வழி. மணிமேகலையின் முதல் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். யானையின் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவைப் புகார் நகருக்கு அறைகிறார்கள். அங்கே முரசறைபவன் மதிப்புக்குரியவன். பின்னாளில் கிராமங்களில் இந்த வேலை குறிப்பிட்ட சாதியினர் தலையில் இழிவோடு சேர்த்துக் கட்டப்பட்டது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா கூடாது, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. தெருவுக்கு வந்து சொல்லும் பயன் நிற்கிறது, ஒரு மனிதரைத் தாழ்த்தும் முறை போகிறது.

எழுதுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'பார்வைக்கு வை'. அழகில் குறைந்த சொல்தான். ஆனால் இடத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லவைக்கும். "வரைவு வாக்காளர் பட்டியல் வெளியிடப்பட்டது" என்று தலைப்பிட்டு நிறுத்தினால் பெயர் விடுபட்டவருக்கு ஒரு வழியும் தெரியாது. "பட்டியல் உங்கள் வாக்குச்சாவடியில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, கடைசி நாளையும் சொல்லுங்கள். அவர் போய்ப் பார்ப்பார், பெயர் இல்லையென்றால் அதைச் சேர்ப்பதற்கான படிவம் 6 கேட்டு வாங்குவார்.