சுவரில் மாட்டிய ஆய்வுச் சான்றிதழை நம்பிப் பெற்றோரைச் சேர்த்துவிடாதீர்கள்

முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுப் போனால் முதலில் காட்டுவது வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டிய ஆய்வுச் சான்றிதழைத்தான். அதை நம்பி முன்பணம் கட்டி, சில வாரத்தில் படுக்கைப்புண்ணோடோ வெந்நீர்க் காயத்தோடோ பெற்றவரைத் திரும்ப அழைத்துவருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ், ஆய்வாளர்கள் வந்துபோன ஒரே ஒரு நாளின் நிலவரம். அந்த நாள் எப்போது என்பது பல இடங்களில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

தெரிந்துவிட்டால், தீத்தடுப்புக் கதவுகள் மூடாதபடி அடியில் செருகியிருந்த கட்டைகள் மறையும். நடைவழியை அடைத்த சக்கர நாற்காலிகள் கிடங்குக்குப் போகும். விடுப்பில் இருப்பவர்களையும் வரவழைத்து ஆள்கணக்கு காட்டுவார்கள். எழுதாமல் விட்ட பதிவேடுகளை உட்கார்ந்த இடத்தில் எழுதி முடிப்பார்கள்.

இந்தக் கடைசி வேலையை எளிதில் கண்டுபிடிக்கலாம். எழுந்து நடமாட முடியாதவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரங்களை எழுதும் குறிப்பேட்டை, பெயரை மறைத்தாவது காட்டச் சொல்லுங்கள். 10:00, 12:00, 2:00 என்று பிசிறில்லாமல், ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது பிறகு நிரப்பியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நிஜமாகவே கவனிக்கிற இடத்தில் 12:10, 2:25 என்று நேரம் முன்பின்னாக இருக்கும். இடப்பக்கமா வலப்பக்கமா என்று இருக்கும். பணி மாறும்போது கையெழுத்தும் மாறும். பிற்பகல் 3 மணிக்கு நீங்கள் பார்க்கும்போதே மாலை 6 மணிக் கட்டம் நிரம்பியிருந்தால், அங்கே சேர்க்க வேண்டாம்.

அடுத்தது வெந்நீர். லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் பெருகும். அதனால் தொட்டியில் 60 டிகிரி இருக்க வேண்டும். அதே சூட்டில் குழாயில் வந்தால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும்; உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியவும் தெரியாது. இதற்காகத்தான் குழாய்க்கு அருகில், குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு வைப்பது. குளிக்கும் நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. வால்வுச் செலவை மிச்சப்படுத்த ஹீட்டரையே 45 டிகிரிக்கு இறக்கிவைப்பவர்கள் உண்டு. கைக்கு இதமாக இருக்கும், உள்ளே கிருமி வளரும். ஒரு வெப்பமானியோடு போய், குழாயை 2 நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். தொட்டியின் வெப்ப அளவைத் தனியே கேளுங்கள்.

கட்டிலின் பக்கக் கம்பிகளுக்கு இடையே 12 செ.மீ.க்கு மேல் இருந்தால் தலை சிக்கும். சரியாக இருந்த கட்டிலும் பிறகு கெட்டுப்போவது உண்டு: பழைய மெத்தையின் மேல் காற்று மெத்தையைப் போட்டால் படுப்பவர் உயர்ந்துவிடுவார், கம்பி தாழ்ந்துவிடும், தாண்டி விழுவார். மெத்தை மாற்றியபின் யார் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள்.

குளியலறையின் அழைப்பு மணிக் கயிறு தரைவரை தொங்குகிறதா பாருங்கள். துடைக்க இடைஞ்சல் என்று மேலே முடிந்துவைத்திருப்பார்கள். விழுந்து கிடப்பவருக்கு அது எட்டாது. கயிற்றை இழுத்துவிட்டு, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள், முடிந்தால் இரவு 9 மணிக்குப் பிறகு.

இரவில் பணியாளர் எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? படுத்த படுக்கையாக இருப்பவரை மெத்தையோடு வெளியே இழுக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் தேவை. 2 பணியாளர், நடக்க முடியாதவர் 20 என்றால், தீப்பிடித்த இரவில் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். கடைசித் தீயணைப்பு ஒத்திகையை எந்த நேரத்தில் நடத்தினார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். ஒத்திகையெல்லாம் காலை 11 மணிக்கே என்றால் இரவுப் பணியாளர்கள் பழகவே இல்லை.

சான்றிதழோடு நிற்காமல் கடைசி இரண்டு ஆய்வுகளின் முழு அறிக்கையையும் கேளுங்கள். புதிதாகப் பத்துக் குறைகள் இருப்பதைவிட, ஒரே குறை இரண்டு அறிக்கையிலும் இருப்பது மோசம். காட்ட மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள், புண் இருந்தால் பக்கத்தில் அளவுகோல் வைத்துத் தேதியோடு படம் எடுத்து, புகாரை இல்லத்தின் நிர்வாகியிடமும், உரிமம் தரும் அலுவலகத்திடமும் எழுத்தில் கொடுங்கள். திருப்பிப் படுக்கவைக்கும் குறிப்பேட்டின் நகலை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் கேட்டால் வேறு தாள் வரலாம்.