14,500 ரூபாய் போச்சு: "300 வாட்" சப்வூஃபர் வாங்கப் போறவங்க கவனிங்க

சனிக்கிழமை வாங்கினது, இன்னைக்குப் புதன். 14,500 ரூபாய் கொடுத்த 12 இன்ச் சப்வூஃபர், அதாவது பாட்டோட அடிச் சத்தமான பேஸை மட்டும் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டி, ஹால்ல பிரிச்சுக் கிடக்குது. கடை பேர் போடல. தானே பெட்டி அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற எலக்ட்ரானிக்ஸ் கடை.

விழுந்த இடம் இதுதான். பெட்டியில காத்து வெளிய வர்ற ஓட்டைக்குப் பேரு போர்ட். கடைக்காரர் ஒரு குத்துப் பாட்டைப் போட்டுட்டு, "போர்ட்ல கையை வைங்க சார், காத்து எப்படி அடிக்குது பாருங்க"ன்னாரு. சட்டைக் கையே படபடன்னு ஆடுச்சு. உடனே காசை எண்ணிக் கொடுத்தாச்சு. அந்தக் காத்து பேஸே இல்ல! அவ்வளவு பெரிய பெட்டிக்கு ரெண்டு இன்ச் குழாய் வெச்சா காத்து பீச்சத்தான் செய்யும். வீட்ல போன்ல டோன் ஜெனரேட்டர்னு ஒரே சுருதியில சத்தம் போடுற ஆப்பைப் போட்டுப் பார்த்தா (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய சத்தம் தடிமன்), 65 ஹெர்ட்ஸ்ல ஜன்னல் அதிருது, 50ல பாதி சத்தம், 41ல வெறும் புஸ்ஸு. பேஸ் கிட்டாரோட தடிமனான தந்தியே 41தான். எந்த நோட் வாசிச்சாலும் ஒரே "தும்".

கூடவே "ம்ம்ம்"னு ஹம் வேற. பாட்டு உள்ள வர்ற ஆர்சிஏ வயரைக் கழட்டினாலும் நிக்கல, அப்போ கோளாறு பெட்டிக்குள்ளதான்.

ஞாயித்துக்கிழமை கேட்டா, "50 மணி நேரம் ஓடட்டும் சார், கோன் இளகணும்." கோன்னா ஸ்பீக்கர்ல முன்னாடி அதிர்ற கூம்பு. திங்கள், "உங்க வீட்ல எர்த் சரியில்ல." செவ்வாய், "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்காரு." ராத்திரி திறந்தாச்சு. உள்ளே கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்ல 12-0-12, 2 ஆம்ப்னு எழுதியிருக்கு, அதாவது மொத்தம் 24 வோல்ட். 24ஐ 2ஆல பெருக்கினா 48. நாப்பத்தெட்டு! இதுலேர்ந்து 300 வாட் எந்தக் கணக்குல வரும்? சத்தத்தைப் பெருக்குற ஐசி டிடிஏ 2050, ஒண்ணே ஒண்ணு. கசக்கிப் பிழிஞ்சாலும் 4 ஓம் ஸ்பீக்கர்ல 25, 30 வாட். ஹம்மை வடிகட்டுற கெப்பாசிட்டர் 4700 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்துல 1000. கிரவுண்ட் வயர் டிரான்ஸ்ஃபார்மரை உரசிட்டுப் போகுது, ஹம் வராம என்ன செய்யும்? மேக்னட் மேல இருந்த ரப்பர் மூடியை உருவினா, உள்ளே மூடியோட பாதி அகலத்துக்குத்தான் மேக்னட்.

இன்னைக்குக் காலையில பதில்: "திறந்துட்டீங்களே சார், வாரண்டி போச்சு." கையில இருக்கிறது "எஸ்டிமேட்"னு போட்ட துண்டுச் சீட்டு. 14,500 ரூபாய்க்கு அதுதான் பில்லாம்.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தது. கோவத்துல கை ஓடல. பிஎம்பிஓ வாட்டை, அதாவது ஒரு கணத்து உச்சக் கணக்கை, நம்பாதீங்க, தொடர்ந்து கொடுக்கிற ஆர்எம்எஸ் வாட்டைக் கேளுங்க. கடைக்காரர் போடுற பாட்டு வேண்டாம், 40 ஹெர்ட்ஸ் டோன் போடச் சொல்லுங்க. பாட்டை நிறுத்திட்டு, வயரைக் கழட்டி, காதைக் கோன்கிட்ட வெச்சு ஹம் இருக்கான்னு பாருங்க. எந்த ஹெர்ட்ஸ் வரைக்கும் சப்வூஃபருக்கு வரணும்னு பிரிக்கிற க்ராஸ் ஓவர் குமிழைத் திருகினா சத்தம் மாறணும். இதுல அந்தக் குமிழ் சும்மா சுத்துது, பின்னாடி வயரே இல்ல. ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கைக்கு வராம காசை எடுக்காதீங்க.

இப்ப மறுபடி போன் அடிச்சேன். கட் பண்ணிட்டாரு.