படுக்கை நனைப்பு: அலாரமா, மாத்திரையா?

ஐந்து வயதுவரை இரண்டுமே வேண்டாம், ஒரு ரப்பர் ஷீட் போதும். ஏழு வயதாகியும் பாய் நனைகிறது என்றால்தான் இந்தக் கேள்வியே.

அலாரம் என்பது ஜட்டியில் மாட்டும் சின்ன சென்சார். ஈரம் பட்டதும் அலறும். முதல் வாரம் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், பிள்ளையைத் தவிர! அவனை உலுக்கி எழுப்பி, கழிப்பறைவரை நடத்திப் போய், மிச்சத்தை அங்கே போக வைக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் பிரயோஜனமில்லை, அவன் விழித்திருக்க வேண்டும். இப்படி 2, 3 மாதம் ஆகலாம். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் இருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். பலன் கிடைத்தால் பெரும்பாலும் நிலைக்கும்.

டெஸ்மோப்ரெசின் மாத்திரை இரவில் சிறுநீர் ஊறுவதையே குறைக்கிறது. சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் நிறுத்தியதும் பலருக்குத் திரும்பிவிடுகிறது. மாத்திரைக்கு 1 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்புவரை ஓரிரு மடக்குக்கு மேல் தண்ணீர் கூடாது. மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லாமல் வாங்கவே கூடாது.

ஊர்க் கல்யாணம், பள்ளிச் சுற்றுலா என்றால் மாத்திரை. மற்றபடி, ராத்தூக்கத்தை விட்டுக்கொடுக்க ஆளிருந்தால், என் ஓட்டு அலாரத்துக்கே. அதற்கு முன் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்தாலே சில வீடுகளில் பாய் காய்ந்துவிடும்.